கோப்பு மெதுவாக ஓடுகிறதா? பிரித்து அடுக்கும் முன் பஃபரைப் பாருங்கள்

தண்டையார்ப்பேட்டையிலிருந்து தினமும் நகரத்தின் மறுகோடிக்குப் போய் மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்களின் பெருங்கணினி) வேலை பார்க்கிறவன் நான். சேர்ந்த முதல் வருடத்தில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளை ஒரே ஒரு வீசாம் கோப்புக்கு (சாவியைக் கொடுத்தால் ரெக்கார்டைத் தேடித் தரும் மெயின்ஃப்ரேம் கோப்பு வகை) பலி கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் அதை மறுசீரமைத்தேன், அதாவது பிரித்து மறுபடி ஒழுங்காக அடுக்கினேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது முன்பைவிட மோசமாக ஓடியது. கடைசியில் ஜேசிஎல்லில் (எந்த நிரலை எந்தக் கோப்போடு ஓட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் வரிகள்) ஒரே ஒரு வரியை மாற்றியதும், 70 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த வேலை 20 நிமிடத்துக்குள் முடிந்தது. அந்த வரியை முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் ஐந்து ஞாயிறும் காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கியிருப்பேன்.

இப்போது எங்கள் தெருவிலிருந்தே மூன்று பேர் இந்த வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். மூவரும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, ஸ்பிளிட் நிறைய இருக்கிறது, ரீஆர்க் போட்டுவிடலாமா?" என்பதுதான். ஸ்பிளிட் என்றால் கோப்பில் இடம் நிறைந்த பகுதி இரண்டாகப் பிரிவது, ரீஆர்க் என்றால் மறுசீரமைப்பு. போடாதீர்கள். கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. பழகுவதற்கு ஓர் இடம்

வேலை செய்யும் இடத்தின் உண்மைக் கோப்பில் கைவைத்துப் பழகக் கூடாது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு இலவச வழிகளை முயன்று பாருங்கள்.

முதலாவது, ஐபிஎம் நிறுவனத்தின் இசட் எக்ஸ்ப்ளோர். பதிவு செய்தால் உண்மையான இசட் ஓஎஸ் (இன்றைய மெயின்ஃப்ரேம் இயக்க முறைமை) கணினியில் உங்களுக்கென ஒரு பயனர் பெயர் கிடைக்கும், ஜேசிஎல் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். இரண்டாவது, ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டரை (மெயின்ஃப்ரேம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) உங்கள் மடிக்கணினியிலேயே நிறுவி அதில் பழைய எம்விஎஸ் 3.8 இயக்க முறைமையை ஓட்டுவது. இதில் வீசாமும், அதை உருவாக்கிப் பராமரிக்க உதவும் ஐடிகேம்ஸும் உண்டு. மழைக்காலத்தில் இணையம் போனாலும் பாடம் நிற்காது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அங்கே 3350 போன்ற பழைய வட்டு வகைகளும் கண்ணில் படும். 3350இன் ஒரு டிராக் (வட்டின் ஒரு சுற்று) 19,069 பைட். இன்று அலுவலகங்களில் எல்லாக் கணக்கும் 3390 வட்டு வகையை வைத்துத்தான். அதன் டிராக் 56,664 பைட், 15 டிராக் சேர்ந்தால் ஒரு சிலிண்டர். அங்கே போட்ட கணக்கை இங்கே ஒட்டினால் பொருந்தாது.

2. தாள்களையும் அனுமதிகளையும் முதலில் கேளுங்கள்

தொழில்நுட்பத்தைவிட இதில்தான் அதிக நாள் போகும். பிரச்சினை தெரிந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பின் இன்றைய நிலையைக் காட்டும் லிஸ்ட்கேட் அறிக்கை வேண்டும். "ஆல்" என்று கேட்டு முழுதாக எடுங்கள். கோப்பை முதலில் உருவாக்கிய டிஃபைன் கட்டளையும் வேண்டும். நூலகத்தில் கிடக்கும் டிஃபைனும் லிஸ்ட்கேட் காட்டும் உண்மை நிலையும் பெரும்பாலும் ஒத்துப்போகாது, ஏனென்றால் இடையில் யாரோ ஆல்டர் கட்டளையால் மாற்றியிருப்பார்கள். லிஸ்ட்கேட்டையே நம்புங்கள். இந்தக் கோப்பின் மேல் கட்டப்பட்ட மாற்று இண்டெக்ஸ்கள் (வேறொரு சாவியால் தேட உதவும் அட்டவணைகள்), பாத்கள் (அவற்றின் வழியே கோப்பைத் திறக்கும் பெயர்கள்) எவை எவை என்ற பட்டியலும் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் திங்கட்கிழமை காலை ஏதாவது ஒரு திரை திறக்காது.

ரேக்எஃப் (யார் எதைத் தொடலாம் என்று காக்கும் மென்பொருள்) அனுமதியில்தான் பலர் இடறுகிறார்கள். படிக்க 'ரீட்' போதும், எழுத 'அப்டேட்' போதும். கோப்பை அழித்து மறுபடி உருவாக்க 'ஆல்டர்' அளவு அனுமதி வேண்டும். எங்கள் இடத்தில் அதற்கு மூன்று வேலை நாட்கள் பிடித்தது. வெள்ளிக்கிழமை மாலை கேட்டுவிட்டு ஞாயிறு காலை கிடைக்கும் என்று உட்கார்ந்திருந்த அனுபவமும் எனக்கு உண்டு.

இந்தத் தாள்களெல்லாம் மறுசீரமைப்புக்குத்தான். பஃபரை (வட்டிலிருந்து படித்ததை வைத்துக்கொள்ளும் நினைவக இடம்) மாற்ற ஜேசிஎல் மாற்றத்துக்கான ஒப்புதல் ஒன்றே போதும். இதை முதலில் செய்யச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

3. தொடுவதற்கு முன் அளவெடுங்கள்

எண் இல்லாமல் வேலையைத் தொடங்கினால், முடித்த பிறகு பலன் உண்டா இல்லையா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. குறைந்தது ஒரு வாரத்துக்கு அந்த வேலை எடுத்த நேரத்தையும், கோப்பு ஒவ்வொன்றுக்குமான எக்ஸ்சிபி (படிப்பு, எழுத்து) எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். கணினி தன் பயன்பாட்டைக் குறித்து வைக்கும் எஸ்எம்எஃப்பின் 30ஆம் வகைப் பதிவில் இது இருக்கும். வீசாம் கோப்பு மூடப்படும்போது 64ஆம் வகைப் பதிவு எழுதப்படும்; அதில் ஸ்பிளிட் எண்ணிக்கையும் கிடைக்கும். இவற்றை எடுத்துத் தரும் குழு ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். மரியாதையாகக் கேட்டால் தருவார்கள்.

மூன்று பொறிகள் இங்கே காத்திருக்கின்றன. லிஸ்ட்கேட்டில் தெரியும் ஸ்பிளிட் எண்ணிக்கை கோப்பு கடைசியாக ஏற்றப்பட்ட நாளிலிருந்து சேர்ந்த மொத்தம். "8,000 ஸ்பிளிட்" என்றதும் பதற வேண்டாம், அது மூன்று வருடக் கணக்காக இருக்கலாம். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் வருவதுதான் செய்தி. அடுத்தது, கோப்பு மூடப்படும்போதுதான் இந்த எண்கள் புதுப்பிக்கப்படுகின்றன. சிஐசிஎஸ் (ஊழியர்கள் பார்க்கும் திரைகளை இயக்கும் மென்பொருள்) நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கும் கோப்புக்கு நண்பகலில் லிஸ்ட்கேட் எடுத்தால் கிடைப்பது பழங்கணக்கு. மூன்றாவது, சாதாரண வரிசைக் கோப்புகளுக்கு எக்ஸ்சிபி என்பது பிளாக் (சேர்த்து எழுதப்படும் ரெக்கார்டுத் தொகுதி) எண்ணிக்கை. பஃபரைக் கூட்டினாலும் அந்த எண் குறையாது, ஓடும் நேரம்தான் குறையும். நான் இது தெரியாமல் ஒரு நல்ல மாற்றத்தைத் "பயனில்லை" என்று திரும்ப எடுத்துவிட்டேன்.

4. வரிசைக் கோப்பா? பிளாக் அளவைப் பாருங்கள்

இது எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். 80 பைட் ரெக்கார்டுகளைப் பிளாக் செய்யாமல் எழுதினால் 3390இன் ஒரு டிராக்கில் 78 ரெக்கார்டுதான் அடங்கும். ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவே இடைவெளியும் கணக்குத் தகவலும் இடத்தைத் தின்றுவிடும். அதையே 27,920 பைட் பிளாக்காக எழுதினால் ஒரு பிளாக்கில் 349, டிராக்குக்கு இரண்டு பிளாக், ஆக 698. பத்து லட்சம் ரெக்கார்டுக்கு முதல் முறையில் பத்து லட்சம் பிளாக், 855 சிலிண்டர். இரண்டாவது முறையில் 2,866 பிளாக், 96 சிலிண்டர். 3390இல் அரை டிராக் பிளாக்கின் உச்சம் 27,998 பைட். அதற்குள் ரெக்கார்டு நீளத்தின் மடங்காக வரும் பெரிய எண்ணை எடுங்கள். இல்லையென்றால் பிளாக் சைஸைப் பூஜ்யமாக விட்டு கணினியையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பெரும்பாலும் அதுவே நல்லது.

பொறி கோபால் (COBOL) நிரல்மொழியில் இருக்கிறது. கோப்பை விவரிக்கும் எஃப்டி பத்தியில் "பிளாக் கன்டெய்ன்ஸ் 0 ரெக்கார்ட்ஸ்" என்று எழுத மறந்தால், அதற்கான கம்பைலர் விருப்பம் இல்லாத இடத்தில், கோபால் அந்தக் கோப்பைப் பிளாக் இல்லாததாக எடுத்துக்கொள்ளும். நிரல் சரியாகவே ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. வருடக்கணக்கில் மெதுவாக ஓடும்.

பிளாக் சரியாக இருந்தால் பஃபர் எண்ணிக்கையைச் சொல்லும் பஃப்நோவுக்கு வாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால் சாதாரண வரிசைக் கோப்புக்கு 5 பஃபர். பெரிய கோப்பை முழுதாகப் படிக்கும் வேலைக்கு 20 அல்லது 30 போட்டுப் பாருங்கள். நினைவகம் மலிவு. ரீஜியன் (வேலைக்கு ஒதுக்கிய நினைவகம்) அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், போதாவிட்டால் 878 அபெண்ட் வரும், அதாவது வேலை பாதியில் முறியும்.

5. வீசாமா? பஃபரில் தொடங்குங்கள்

எங்கள் தெருவுக்குக் குடிநீர் லாரி வந்த நாட்களில், ஒற்றைக் குடத்தோடு இறங்குகிற வீட்டுக்காரர் பத்து முறை படியேறுவார். எதிர்வீட்டு அக்கா தள்ளுவண்டியில் பன்னிரண்டு குடங்களைக் கட்டி வந்து ஒரே நடையில் முடித்துவிடுவார். லாரியும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். வீசாம் தன் இயல்பில் ஒற்றைக் குடத்தோடு நிற்கிற ஆள். டேட்டா பஃபர் இரண்டு, இண்டெக்ஸ் பஃபர் ஒன்று. டேட்டா பஃபர் இரண்டிலும் ஒன்று ஸ்பிளிட்டுக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 20 லட்சம் ரெக்கார்டு, ஒவ்வொன்றும் 200 பைட், கன்ட்ரோல் இன்டர்வல் (சிஐ, வீசாம் படித்து எழுதும் அலகு) 4,096 பைட். ஒரு சிஐயில் கட்டுப்பாட்டுத் தகவலுக்கு 10 பைட் போக 20 ரெக்கார்டு. ஆக ஒரு லட்சம் சிஐ. இயல்பு பஃபரோடு முழுக் கோப்பையும் படித்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை வட்டுக்குப் போய்வர வேண்டும். 3390இல் இந்த அளவு சிஐ டிராக்குக்கு 12. பஃப்என்டி (டேட்டா பஃபர் எண்ணிக்கை) 25 என்று கொடுங்கள்: ஸ்பிளிட்டுக்கு ஒன்று போக 24. பாதி பஃபர்களில் உள்ளதை நிரல் படித்துக்கொண்டிருக்கும்போது மறுபாதி நிரம்பும். ஒரு நடைக்கு ஒரு டிராக். ஒரு லட்சம் நடை சுமார் 8,300க்கு இறங்கும். இதற்கு ஆகும் நினைவகம் 1,02,400 பைட். என் 70 நிமிட வேலையைக் குறைத்த வரி இதுதான்: ஜேசிஎல்லில் கோப்பைக் குறிப்பிடும் டிடி வரியின் ஏஎம்பி அளபுருவில் பஃப்என்டி.

வரிசையாகப் படிக்கும் வேலைக்குத்தான் இந்த மருந்து. சாவியைக் கொடுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும் வேலைக்குப் பஃப்என்டியைக் கூட்டினால் பயனில்லை. ஓர் இடத்தைப் பிடித்து இரண்டு மூன்று ரெக்கார்டு மட்டும் படித்துவிட்டு வேறு இடத்துக்குத் தாவும் நிரலாக இருந்தால் கெடுதல்கூட உண்டு. வேண்டாத ஒரு டிராக்கையும் ஒவ்வொரு முறையும் இழுத்து வரும். அங்கே பார்க்க வேண்டியது பஃப்என்ஐ, அதாவது இண்டெக்ஸ் பஃபர் எண்ணிக்கை. லிஸ்ட்கேட்டில் இண்டெக்ஸ் மட்டம் 3 என்றால், ஒரு ரெக்கார்டைத் தேட மூன்று இண்டெக்ஸ் படிப்பு, ஒரு டேட்டா படிப்பு, ஆக நான்கு. மேல்மட்ட இண்டெக்ஸ் ரெக்கார்டுகள் முழுதும் பஃபரில் தங்கிவிட்டால் நான்கு இரண்டாகும்.

எத்தனை கொடுப்பது? கன்ட்ரோல் ஏரியா (சிஏ, பல சிஐகள் சேர்ந்த பகுதி) ஒவ்வொன்றுக்கும் அடிமட்டத்தில் ஓர் இண்டெக்ஸ் ரெக்கார்டு உண்டு. மேற்படி கோப்பில் ஒரு சிலிண்டர் சிஏவுக்கு 180 சிஐ, ஆக 556 சிஏ. இண்டெக்ஸ் பகுதியின் மொத்த ரெக்கார்டிலிருந்து 556ஐக் கழித்தால் மேல்மட்டம். அதோடு ஒன்றைக் கூட்டிப் பஃப்என்ஐயாகக் கொடுங்கள். அதற்கு மேல் எத்தனை கொடுத்தாலும் இந்த முறையில் வீண். அடிமட்டத்தையும் டேட்டாவையும் சேர்த்து நினைவகத்தில் வைத்திருக்க வேண்டுமென்றால் பிஎல்எஸ்ஆர் என்ற துணை அமைப்பு இருக்கிறது, நிரலைத் தொடாமல் ஜேசிஎல்லிலேயே போடலாம். கோப்பு 'எக்ஸ்டெண்டட் ஃபார்மட்' என்ற வடிவத்தில் இருந்தால் பஃபரைக் கணினியே தீர்மானிக்கும் வசதியும் உண்டு. ஏஎம்பியில் ஆக்பயஸ் என்று குறிப்பிட வேண்டும்.

இந்த இடத்திலேயே உங்கள் பிரச்சினை தீர்ந்திருக்கலாம். தீர்ந்துவிட்டால் மேலே படிக்காமல் வீட்டுக்குப் போங்கள்.

6. சிதறல் எப்போது உண்மையிலேயே உறுத்தும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் ஏதாவது ஒரு புடவைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டில் இடம் விட்டு அடுக்கியிருந்தால் புதுச் சேலையை அதன் வரிசையிலேயே செருகலாம். தட்டு நிறைந்துவிட்டால் பாதியை எடுத்து அதே அறையின் காலித் தட்டில் வைக்க வேண்டும். இது சிஐ ஸ்பிளிட். அறையிலேயே காலித் தட்டு இல்லையென்றால் பாதி அறையைக் காலி செய்து தெருக்கோடியில் புது அறை பிடிக்க வேண்டும். இது சிஏ ஸ்பிளிட். இரண்டாவதன் செலவு, செருகுகிற அந்த நொடியில் மிக அதிகம்.

படிக்கிறவருக்கு என்ன நட்டம்? அடுத்த சிஏ வட்டில் தூரத்தில் இருப்பது ஒரு காலத்தில் பெரிய நட்டம், ஏனென்றால் வட்டின் கை நகர வேண்டும். இன்று 3390 என்பது பெயரளவில்தான். பின்னால் இருப்பது பல வட்டுகளில் பரப்பி வைக்கப்பட்ட, பெரிய கேஷ் உள்ள சேமிப்புப் பெட்டி. எக்ஸ்டென்ட் (வட்டில் கோப்புக்குக் கிடைத்த தொடர்ச்சியான துண்டு) 40 என்று லிஸ்ட்கேட்டில் பார்த்ததும் அலற வேண்டாம். உண்மையான நட்டம் பாதிக் காலியான சிஐகள். மேலே சொன்ன கோப்பில் சிஐக்கு 20 ரெக்கார்டு 10 ஆகிவிட்டால் ஒரு லட்சம் சிஐ இரண்டு லட்சமாகிறது. பாதி நேரம் காற்றைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது மறுசீரமைப்பு நியாயம்.

எக்ஸ்டென்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய வேறு காரணம் உண்டு: அது தீர்ந்து போகும். சாதாரண வரிசைக் கோப்புக்கு ஒரு வால்யூமில் (ஒரு வட்டில்) 16தான். ஒரு டிராக் முதன்மை, ஒரு டிராக் துணை என்று கருமித்தனமாகக் கேட்டவர் 16 டிராக்கோடு பி37 அபெண்டில் நிற்பார். வீசாமில் இதே கருமித்தனம் வேறு விதமாகக் கடிக்கும். முதன்மை, துணை இரண்டில் சிறியதை வைத்துத்தான் சிஏ அளவு தீர்மானமாகும், உச்சம் ஒரு சிலிண்டர். டிராக் கணக்கில் ஒன்று, ஒன்று என்று கேட்டால் ஒரே டிராக் சிஏ. 556 சிஏவில் முடிய வேண்டிய கோப்புக்கு எட்டாயிரத்துக்கு மேல் சிஏ, அத்தனைக்கும் இண்டெக்ஸ். வீசாமுக்குச் சிலிண்டர் கணக்கில் கேளுங்கள்.

இப்போது என் ஐந்து ஞாயிறுகளின் கதை. அந்தக் கோப்பில் புதுப் பாலிசிகள் ஓரிரு கிளைகளின் எண் வரிசையில் மட்டுமே குவிந்தன. நான் ஃப்ரீஸ்பேஸ் 20, 10 (சிஐக்குள் 20 சதவீதம், சிஏவுக்குள் 10 சதவீதம்) என்று கோப்பு முழுக்கச் சமமாகக் காலியிடம் விட்டு அடுக்கினேன். செருகலே நடக்காத இடங்களில் காலியிடம் சும்மா கிடந்தது. சிஐக்கு 20க்குப் பதில் 16 ரெக்கார்டு, அதாவது படிக்கும் வேலை கால் பங்கு கூடிவிட்டது. குவிகிற இடத்திலோ திங்கள் காலையே காலியிடம் தீர்ந்து ஸ்பிளிட் வெடித்தது. தொடாமல் விட்டிருந்தால் அந்த ஸ்பிளிட்களே வேண்டிய இடத்தில் காலியிடத்தைத் திறந்து வைத்திருக்கும். நான் வாராவாரம் அதை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஃப்ரீஸ்பேஸுக்கு எண் போடும் முன், சாவிகள் எங்கே விழுகின்றன என்று கேளுங்கள். எப்போதும் கோப்பின் கடைசியில் மட்டும் சேர்ந்தால் 0, 0. பரவலாக விழுந்தால் காலியிடம் விடுங்கள். ஒரு மூலையில் குவிந்தால் குறைவாக விட்டு, ஸ்பிளிட்டை அதன் போக்கில் விடுங்கள். 100, 100 என்று போட்டவரையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் சிஐக்கு ஒரு ரெக்கார்டு, சிஏவுக்கு ஒரு சிஐ.

7. மறுசீரமைத்தே ஆக வேண்டுமென்றால்

நேரம்: அமெரிக்க வாடிக்கையாளருக்குச் சனிக்கிழமை இரவு, நமக்கு ஞாயிறு காலை. கிழக்குக் கரை நேரத்துக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும். அந்த இரண்டு நாட்களில் தேதி வாங்காதீர்கள்.

செலவு: பழையதும் புதியதும் சேர்ந்து இருக்க இடம் வேண்டும், கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்களில் மென்பொருள் கட்டணம் நான்கு மணி நேரச் சராசரிப் பயன்பாட்டின் மாத உச்சத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உச்ச நேரத்தில் பெரிய ரெப்ரோ (கோப்பை நகலெடுக்கும் ஐடிகேம்ஸ் கட்டளை) ஓட்டினால் அந்தக் கட்டணம் ஏறலாம்.

செய்முறை: சிஐசிஎஸ்ஸில் கோப்பை மூடச் சொல்லுங்கள், மூடியதை நீங்களே சரிபாருங்கள். காப்பு நகல் எடுங்கள். புதுப் பெயரில், 'ஸ்பீட்' குறிப்போடு டிஃபைன் செய்யுங்கள். பழையதிலிருந்து புதியதற்கு ரெப்ரோ ஓட்டுங்கள். இந்த ரெப்ரோவின் டிடி வரியிலும் பஃப்என்டி போடுங்கள். வேகப்படுத்த வந்த வேலையே ஒற்றைக் குடத்தோடு ஓடக் கூடாது. ரெப்ரோ சொல்லும் ரெக்கார்டு எண்ணிக்கையை லிஸ்ட்கேட்டோடு ஒப்பிட்ட பிறகே பழையதன் பெயரை மாற்றி, புதியதற்கு அசல் பெயரைச் சூட்டுங்கள். கிளஸ்டரின் (முழுக் கோப்பின்) பெயரை மட்டும் மாற்றினால் டேட்டா, இண்டெக்ஸ் பகுதிகள் பழைய பெயரிலேயே நிற்கும். அவற்றையும் தனியே மாற்ற வேண்டும். பிறகு மாற்று இண்டெக்ஸ்களைக் கட்டுங்கள்.

ரெப்ரோவும் டெலீட்டும் ஒரே படியில் இருந்தால் நடுவில், முந்தைய கட்டளை சரியாக முடிந்ததா என்று பார்க்கும் மேக்ஸ்சிசி நிபந்தனை கட்டாயம். நகல் பாதியில் தோற்று, அடுத்த வரி அசலை அழித்த கதை எல்லா அலுவலகத்திலும் ஒன்று உண்டு. எங்கள் இடத்தில் அதைச் செய்தவர் இன்று எங்கள் மேலாளர், அதனால் விவரிக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: ரெப்ரோவைத் திரையில் நேரடியாக ஓட்டாதீர்கள், பேட்ச் வேலையாகச் சமர்ப்பியுங்கள். திருவொற்றியூரில் மின்சாரம் போனாலும் சமர்ப்பித்த வேலை அங்கே தன்பாட்டுக்கு ஓடும்.

8. மறுநாள்

திங்கள் மாலை சிஐசிஎஸ் கோப்பை மூடிய பிறகு லிஸ்ட்கேட் எடுங்கள். படி 3இல் எழுதி வைத்த அதே எண்களை அதே வரிசையில் பக்கத்தில் எழுதுங்கள். வேகம் கூடவில்லை என்றால் ஃப்ரீஸ்பேஸை மாற்றி அடுத்த ஞாயிறு இன்னொரு முறை முயலலாம் என்று தோன்றும், தோன்றட்டும். ஆனால் இன்னொரு திங்கட்கிழமைக் கணக்கும் கைக்கு வரும்வரை டிக்கெட்டையும் மூடாதீர்கள், கோப்பையும் தொடாதீர்கள். பழைய நகலை அதுவரை அழிக்க வேண்டாம்.